இரண்டு வீட்டுக்கும் ஒரு தலை

‘கொடுப்பது’ என்ற சொல்லை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அப்படியொரு விதியை எவரும் உட்கார்ந்து வகுத்ததில்லை, ஆனாலும் எட்டு மாதங்களாக இரண்டு வீடுகளிலும் சமையற்கட்டு முதல் வக்கீல் அறை வரை அதை மீறியவர் ஒருவருமில்லை... சசிதர் அங்கே இருக்கப்போகிறான் என்பார்கள், தாத்தாவுக்குத் துணையாக விடுகிறோம் என்பார்கள், அன்னூர்ப் பக்கம் காற்று நல்ல காற்று, பையனுக்கு இழுப்பு வராது என்றுகூட ஒரு முறை சொன்னார்கள், இழுப்பே இல்லாத பையனுக்கு. மஞ்சள் தடவிய அழைப்பிதழிலும் ‘சிரஞ்சீவி சசிதருக்குப் பரிவட்டம் கட்டும் வைபவம்’ என்றுதான் அச்சாகியிருந்தது. சுவீகாரம் என்ற சொல் முத்திரைத்தாளில் மட்டும் இருந்தது, அந்தத் தாள் மாமியாரின் மடியிலிருந்த தோல்பைக்குள் இருந்தது, அந்தப் பையின் பித்தளைப் பூட்டு கார் குலுங்கும்போதெல்லாம் சுலோசனாவின் இடது முழங்கையில் இடித்தது. கையை நகர்த்திக்கொள்ளலாம். எங்கே நகர்த்துவது? வலப்பக்கம் சசிதர், ஏழு வயது, பட்டு வேட்டியில் புழுங்கிக்கொண்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு. கான்டெஸாவின் பின்னிருக்கையில் நடு இடம் அவளுக்கு, புறப்படும்போதே அத்தை சொல்லிவிட்டாள், “நடுவுல உக்காரு அம்மணி, ரெண்டு பக்கமும் புடிச்சுக்க ஆள் இருக்குது.” நடுவில் இருப்பவளுக்குக் கதவு இல்லை என்பது டெக்ஸ்டூல் பாலம் தாண்டி, கணபதி தாண்டி, சத்தி ரோட்டில் வண்டி வேகம் பிடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பத்து வருடமாகத் தெரியாமலா இருந்தது?

முன்னிருக்கையில் ரங்கராஜ், அவள் கணவன், பின்கழுத்தில் புதிதாகச் சவரம் செய்த வெண்மை. ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, டிரைவர் ராசப்பனிடம் மட்டும் மோட்டார் பம்ப் லோடு பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான், அதுவும் நின்றுபோய் ஏசியின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அவ்வா, தேருக்கு ஸ்டீரிங் இருக்குமா, என்று சசிதர் கேட்டான், பாட்டியை அவன் தெலுங்கு வழக்கில் அவ்வா என்றுதான் அழைப்பான், மற்றதெல்லாம் தமிழ். மாமியார் வெங்கடம்மாள் யோசிக்கவே இல்லை. “ஸ்டீரிங்கா? உன்ற தாத்தன் புடிச்ச புடிதான் கண்ணு அதுக்கு ஸ்டீரிங்கு. பதினஞ்சு வருசமா ஒரே பக்கமா ஒடிச்சுப் புடிச்சிருக்கறாரு.” அம்மா, என்றான் ரங்கராஜ் திரும்பாமலேயே. “ஏன்டா, சம்பந்தியத்தான சொன்னேன்? நல்ல நாள்ல சிரிச்சா பல்லு கொட்டிருமா?” ராசப்பன் மட்டும் சிரித்தான், சிரித்தது தப்போ என்று கண்ணாடியில் பார்த்தான். சுலோசனாவும் சிரித்தாள். தன் அப்பாவைக் கேலி செய்யும்போது சிரிப்பதற்கு அவள் இந்த வீட்டில் நுழைந்த முதல் மாதமே பழகிவிட்டாள், அதேபோல் அங்கே போனால் மாமனாரைக் கேலி செய்யும்போது சிரிக்கவும்... இரண்டு சிரிப்பும் ஒரே முகத்தில்தானா, அல்லது அவளுக்குத் தெரியாமல் இரண்டு முகம் முளைத்துவிட்டதா?

ஆரம்பம் ஒரு முழப் பட்டுத்துணி. பெருமாள் கோயில் தேரின் வடத்தை முதலில் தொடும் வீட்டுக்காரருக்குப் பட்டர் தலையில் கட்டும் பரிவட்டம். ஓராண்டு அவள் அப்பா அழகிரிசாமி வீடு, மறு ஆண்டு மாமனார் கோவிந்தசாமி வீடு, இரண்டுமே கரிசல் காடும் பருத்தியுமாக வளர்ந்த தெலுங்கு வீடுகள், முறை தவறாமல்தான் நடந்தது, எண்பத்தொன்றாம் வருடப் பங்குனி வரை. அந்த வருடம் யார் முறை என்பதில் குழப்பம், நடுவில் ஓராண்டு தேரோட்டமே நடக்காததால் அந்த ஆண்டைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று... இருவரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள், பட்டர் கையில் துணியோடு நின்றார், ஒரு கல் வந்து விழுந்தது, எந்தப் பக்கத்திலிருந்து என்று இன்றுவரை தெரியாது. அதன்பிறகு தேர் அசையவில்லை. கோர்ட்டு, தடையுத்தரவு, தாசில்தார் முன்னால் சமாதானக் கூட்டம், ஒரு கூட்டமல்ல, ஏழு. ஏழாவது கூட்டத்தில்தான் யாரோ சொன்னார்களாம், அழகிரிசாமிக்கு ஒரே பெண், கோவிந்தசாமிக்கு ஒரே பையன், இன்னும் என்ன பேச்சு என்று. சுலோசனாவின் கல்யாணம் தாசில்தார் அலுவலகத்து மர பெஞ்சில் முடிவானது. அவள் அப்போது நூலகத்தில் இருந்தாள். கல்யாணம் முடிந்தும் தேர் ஓடவில்லை என்பதுதான் வேடிக்கை, மருமகன் தலையில் கட்டினால் அது எங்கள் வீட்டுத் தலை ஆகுமா என்றார் அவள் அப்பா, பேரன் பிறக்கட்டும் என்றார்கள், பிறந்தான், மகள் பிள்ளை வேறு வீட்டுத் தலைதானே என்றார், மாமனார் அந்த வருத்தத்திலேயே போய்ச் சேர்ந்தார், ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று பங்காளிகள் அப்பாவின் காதுபட முணுமுணுத்தார்கள், கடைசியில் எட்டு மாதம் முன்பு, சசிதரை அவருக்கே மகனாக்கிவிட்டால் இரண்டு வீட்டுக்கும் ஒரே தலை, ஒரே பரிவட்டம்... எவ்வளவு அழகான தீர்வு. அவளே ஒரு காலத்தில் இப்படி ஒரு தீர்வைப் புகழ்ந்து நூற்று நாற்பது பக்கம் எழுதியிருந்தாள்.

முதலாம் குலோத்துங்கன். எம்.பில். ஆய்வுக்கு அவனைத் தேர்ந்தெடுத்தபோது வகுப்பில் கேலி செய்தார்கள், “ஏனுங்க சுலோசனா, உங்க சாதிசனத்து ராசாவையே புடிச்சுட்டீங்களாட்ட இருக்குது?” அவன் தந்தை கோதாவரிக் கரையின் வேங்கிச் சாளுக்கியன், தாய் சோழன் மகள், தெலுங்கு நாட்டு இளவரசன் காவிரி நாட்டு அரியணையில் ஏறினான், வீட்டில் ஒரு மொழியும் வாசலில் ஒரு மொழியுமாக வளர்ந்தவளுக்கு அவனைப் பிடித்துப்போனதில் என்ன வியப்பு? மூன்று தலைமுறைப் பெண்கொடுத்தலும் பெண்ணெடுத்தலும் கனிந்து அவனிடம் இரு குலங்களும் ஒன்றாயின என்று எழுதினாள், கனிந்து என்ற வினையெச்சத்தைத் தேடிப் பிடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. சுங்கம் தவிர்த்தவன் என்று அவனுக்கொரு பெயர், கல்யாணமான புதிதில் கோவைச் சுங்கம் சந்திப்பு வழியாக ஸ்கூட்டரில் போகும்போது ரங்கராஜ் சொன்னான், உன்ற ராசா இந்த ஒரு சுங்கத்த மட்டும் மறந்துட்டு போய்ட்டான் பாரு... அப்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தவன்தான். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியை ஒருவர், மெலிந்த குரல், ஒரே ஒரு கேள்வி கேட்டார், அவன் தாய் அம்மங்கைதேவி பற்றி உங்கள் ஆய்வில் ஒரு வரிக்குமேல் இல்லையே அம்மா, ஏன்? சான்றுகள் இல்லை, என்றாள் சுலோசனா உடனடியாக, தெளிவாக, முதல் மதிப்பெண் பெறப்போகிறவளின் குரலில். சான்றுகள் இல்லைதான். பிறந்த குழந்தையைத் தாய்வழிப் பாட்டி கையில் வாங்கி, இவன் நம் குலத்தைத் தாங்குவான் என்று மகிழ்ந்ததாகப் புலவர்கள் பாடிவைத்திருந்தார்கள், அதை மேற்கோள் காட்டியிருந்தாள், அடிக்குறிப்போடு. கையில் வாங்கினாள் என்றால் யார் கையிலிருந்து வாங்கினாள்? பக்கத்தில் படுத்திருந்தவள் கையை நீட்டினாளா, இழுத்துக்கொண்டாளா, அவளுக்குக் காய்ச்சலாக இருந்ததா? அடிக்குறிப்பில் இடம் இருந்தது. அவள்தான் கேட்கவில்லை.

கோவில்பாளையத்தில் இளநீருக்காக நிறுத்தினார்கள். நிறுத்தியதும் இறங்கலாம் என்று நினைத்தாள், வலது கதவுப் பக்கம் சசிதரின் வேட்டி கசங்கிவிடும் என்று அவனை அசையவிடவில்லை, இடப்பக்கம் அத்தை காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள், “வெயிலு கண்ணு, உள்ளயே குடி,” ஆக இளநீர் ஜன்னல் வழியாக வந்தது, உறிஞ்சு குழாயோடு. ராசப்பன் வழுக்கையைச் சீவித் தரச்சொல்லி வாங்கிச் சசிதரிடம் நீட்டினான், இந்தப் பையனை எல்.கே.ஜி. முதல் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருபவன் அவன்தான், காலை எட்டேகாலுக்கு அவன் ஹாரன் அடித்தால் சசிதர் ஒரு காலுறையோடு ஓடுவான். அவன் இயல்பாகத்தான் கேட்டான். “ஏனுங்கம்மா, சின்னவரு பரீட்சைக்கு நாளானைக்கு மறுநா நானே வந்து கூட்டிட்டுப் போயிர்றதுங்களா, இல்ல அங்கிருந்தே...?” லாரி ஒன்று போயிற்று. ரங்கராஜ் இளநீர் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஏதோ எழுதியிருப்பதைப்போல. பிறகு வெங்கடம்மாள், மிக மிருதுவாக, “பரீட்சையெல்லாம் அங்க எழுதிக்குவான் ராசப்பா. லீவுக்கு வருவான்.” லீவுக்கு. ராசப்பனுக்கு அந்த நொடியில்தான் விளங்கியது, அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, அழைப்பிதழை மட்டும் கொடுத்திருந்தார்கள், முகம் சுருங்கி, சரிங்க, என்றான், ஸ்டீரிங்கில் உட்கார்ந்தபிறகும் சாவியைத் திருக மறந்திருந்தான். ஒருவனாவது... என்று நினைத்தாள். நினைத்தவள் ஏன் பேசவில்லை? அவள் வாயில் குழாய் இருந்தது. அதுவா காரணம்?

அவளிடம் எப்போது கேட்டார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள், கேட்டிருக்கத்தான் வேண்டும், தாயின் சம்மதம் இல்லாமல் சட்டப்படி செல்லாது என்று அவளுக்கே தெரியும்... ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் அத்தை, ரங்கராஜ், வக்கீல், அவள் காபித் தட்டோடு உள்ளே போனாள், பேச்சு நின்றது, மூவரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள், அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது, ஆம், இருந்தது, அப்போது அவள் சொன்னது, “சர்க்கரை போதுங்களா?” போதும் போதும் என்றார் வக்கீல், மூவரும் மூச்சுவிட்டார்கள், மறுநாளே முத்திரைத்தாள் வாங்கப்பட்டது. அவ்வளவுதான் அவள் சம்மதம். எட்டு மாதமாக அந்தக் கேள்வியின் அடியில் அவள் கால் சிக்கியிருக்கிறது, இழுக்க இழுக்க வலிக்கிறது. ஒரு நாள் ரங்கராஜிடம் சொன்னாள், தாளின்படி பார்த்தால் இவன் எனக்குத் தம்பி ஆகிறானே என்று, விளையாட்டுப்போலத்தான் ஆரம்பித்தாள், அவன் செய்தித்தாளை மடித்து, “சுலோ, பத்து மைல் தூரத்துக்கு என்ன இப்ப, தெனமும் போயிப் பாத்துக்க” என்றான், இருபது மைல், பத்தல்ல. அவன் அழுததை அவள் பார்த்திருக்கிறாள், குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு. ஆனால் அவன் வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நம்ம ரத்தம் அந்த வீட்டுக்குள்ள போய் உக்காருது, என்று அத்தை தொலைபேசியில் யாரிடமோ சொன்னதை அவள் கேட்டாள், வெற்றியின் குரல் அது. அப்பாவிடமும் அதே குரல், அவங்க வாரிசே நம்ம வீட்டுப் பேருக்கு வருது அம்மணி. இரண்டு வீடும் மற்ற வீட்டை வென்றுவிட்டதாக நம்புகிறது, அதற்குப் பெயர்தான் ஒன்றாவதா? குலோத்துங்கன் சோழனாக முடிசூடினான், பிறகு வேங்கிக்குத் தன் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக அனுப்பி ஆளவைத்தான், தனி நாடாக வேங்கி எழவே இல்லை. இதையும் அவள் எழுதியிருந்தாள், வேறு அதிகாரத்தில். இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படிக்க அவளுக்கு ஒரு கார்ப் பயணம் தேவைப்பட்டிருக்கிறது.

ஊர் எல்லையிலேயே மேளம். வண்டி ஊர்ந்தது, கண்ணாடிக்கு வெளியே முகங்கள், சசிதரைப் பார்க்கக் குனிந்த முகங்கள், ராசா மாதிரி இருக்கறான் பாரு என்ற குரல் கண்ணாடி வழியாகவும் கேட்டது. தேர்முட்டியில் கூரைத்தகரம் பிரிக்கப்பட்டு, தேர் புது வண்ணத்தில் நின்றது, சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை மாற்றியிருந்தார்கள், வடம் சுருளாகக் கிடந்தது, பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு ஊரே அவள் பையனின் தலைக்காகக் காத்திருக்கிறது, இதை வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? எத்தனையோ பிள்ளைகள் தேரோட்டத்தையே பார்க்காமல் வளர்ந்துவிட்டார்கள். அவள் ஒருத்தியின் வயிறு கொஞ்சம் வலிப்பதற்காகவா... அப்பா வாசலில் நின்றார். அவள் அவரை அழைப்பது நாயனா என்று. சட்டை போடாத மார்பில் புதுத் துண்டு, எழுபது வயது, அம்மா போன பிறகு இன்னும் கூனிவிட்டார், சசிதரின் முகத்தைத் தடவினார். “வா அம்மணி. உன்ற அறையத்தான் அவனுக்கு ஒழிச்சு வெச்சிருக்கறேன், வெள்ளையடிச்சு, மேசை வாங்கிப் போட்டு. கேபிள்கூட இழுத்தாச்சு.” நடிப்பில்லை, அன்புதான், அதுதான் கொடுமை. இந்த மனிதரை வெறுக்க முடிந்திருந்தால் எத்தனை எளிதாக இருந்திருக்கும், யாராவது ஒருவரேனும் இங்கே கெட்டவராக இருந்திருக்கலாம். அத்தை கேட்டாள், “பையனுக்கு என்ன கேபிளுங்க சம்பந்தி, பொங்கல் போட்டா போதாதா?” அவர் சளைக்கவில்லை, “பொங்கலும் உண்டு, சம்பந்தியம்மா. உங்க ஊட்டுல மாதிரி முந்திரிய எண்ணிப் போட மாட்டோம்.” கூடம் சிரித்தது. சுலோசனா எந்தச் சிரிப்பைச் சிரிப்பது என்று ஒரு கணம் தடுமாறினாள்.

மணை. ஓமப்புகை. சசிதர் அவள் மடியில் உட்காரவைக்கப்பட்டான், ஏழு வயதுப் பிள்ளை மடிக்குப் பெரியவன், அவன் முழங்கால் அவள் முழங்காலைத் தாண்டி நீண்டிருந்தது, வேட்டியின் ஜரிகை குத்துவதாக முணுமுணுத்தான், அவள் விரலை இடுப்பில் விட்டுத் தளர்த்தினாள். எதிர் மணையில் நாயனா. பட்டர் மந்திரத்தை நிறுத்தி நிமிர்ந்தார். “தாயார் செம்பை எடுத்துக்கோங்கோ. நீங்க விடற தீர்த்தம் தகப்பனார் கையிலே விழுந்து, அவர் கையிலேர்ந்து பெரியவர் கைக்குப் போகணும். இழை அறப்படாது. அப்புறம் குழந்தை அந்த மடிக்குப் போயிடலாம்.” ரங்கராஜ் உள்ளங்கையை நீட்டினான், அதற்குக் கீழே நாயனா இரு கைகளையும் குவித்து ஏந்தினார். இதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எட்டு மாதத்தில், வக்கீல், தாசில்தார், பங்காளிகள், பதிவு அலுவலகத்து எழுத்தர், இத்தனை பேர் முடித்துவைத்த காரியத்தில் கடைசியாக ஒன்று மிச்சமிருப்பதாக, அது அவள் மணிக்கட்டில் இருப்பதாக... அவர்களுக்கு அது சொல்லத் தகுந்ததாகவே படவில்லை. செம்பு நிறைந்திருந்தது. சாய்த்தால் போதும், ஒரு விரற்கடை. சாயவில்லை. நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு சைகைக்காகக் காத்திருந்தார். “விடுங்கோம்மா.” “சாய்ச்சு உடு அம்மணி, நேரம் தாண்டுது,” என்றாள் பின்னாலிருந்து அத்தை. சுலோ, என்றான் ரங்கராஜ், அவள் காதுக்கு மட்டும், நீட்டிய கையை எடுக்காமல். அந்தக் கையில் சிறிய தழும்பு, லேத் பட்டறையில் பட்டது, அதை அவள் இத்தனை வருடத்தில் எத்தனை முறை தொட்டிருக்கிறாள்...

“நாயனா,” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. “இப்ப நாம என்ன செய்யறோம்ங்க?”

அவர் குவித்த கைகளோடு நிமிர்ந்தார். “என்னம்மணி இது, பையன் இங்க இருக்கறதுக்கு...”

“இருக்கறதுக்கில்லீங்க. குடுக்கறோம். நான் பெத்தவன உங்களுக்குப் புள்ளையா, எனக்குத் தம்பியாக் குடுக்கறோம். அதுக்குத்தான இந்தத் தண்ணி? இத்தன பேரு இருக்கறீங்க, ஒருத்தராச்சும் அத வாயத் தொறந்து சொல்லுங்க. குடுக்கறோம்னு சொல்லுங்க. அப்பறம் ஊத்தறேன்.”

மடியில் சசிதர் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தான். நாயனாவின் உதடுகள் பிரிந்தன, சொல்லத்தான் போகிறார் போலிருந்தது, உண்மையாகவே சொல்லிவிட்டால் தான் ஊற்றுவோமா என்பதை அவள் யோசித்திருக்கவே இல்லை, இப்போது யோசித்தாள், தெரியவில்லை...